பீரோவுக்குள் போன பாடக்கருவிகள்

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு கருவி வந்தால் அது முதலில் எங்கே போகும் என்று அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். முதலில் இருப்புப் பதிவேட்டில் ஏறும். அதன் பிறகு பீரோவுக்குள் போகும். சாவி தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் இருக்கும்.

இதை ஆசிரியர்களின் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. பொருள் உடைந்தால் விளக்கம் எழுத வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் பதிவேட்டையும் பொருளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பழுதான பொருளைக் கழித்துக்கட்ட வேண்டுமானால், அதாவது எங்கள் பாஷையில் 'கண்டம்' பண்ண வேண்டுமானால், அந்தக் கோப்பு நகர்வதற்குள் தலைமையாசிரியரே ஓய்வுபெற்றுவிடுவார். கருவியைப் பயன்படுத்தவில்லை என்பதற்காக ஓர் ஆசிரியருக்குக் குறிப்பாணை போனதை நான் பார்த்ததில்லை. உடைந்தது, தொலைந்தது என்பதற்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். அப்படியிருக்க, பிரிக்காத பெட்டியோடு அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதுதான் நிம்மதி.

இடையில் ஒரு சொல் சங்கதி. பீரோ என்பது பிரெஞ்சுக்காரர்களின் சொல். அவர்களுக்கு அது எழுதும் மேசை, அல்லது அலுவலகம். உட்கார்ந்து வேலை செய்கிற இடத்தின் பெயரை, பூட்டி வைக்கிற இரும்புப் பெட்டிக்குக் கொடுத்தவர்கள் நாம்தான்.

இந்த பீரோ எப்போது திறந்தது, யார் திறந்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். சுற்றறிக்கை வந்து திறந்ததாக எனக்கு நினைவில்லை. பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் தைரியமாக எடுத்துப் பயன்படுத்தியதைப் பார்த்து, அவரிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்த பிறகுதான் பெரும்பாலும் திறந்திருக்கிறது. அப்படிப் பார்க்கவும் கேட்கவும் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு மாநாடு, பயிற்சி, கூட்டம் என்று காலத்துக்கு ஒரு பெயர்.

நம் விருதுநகருக்குப் பள்ளிக்கூடத்தை ஊர்ப் பொருளாக நினைக்கும் பழக்கம் பழையது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை 1889-ல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் வியாபாரிகளின் மகமையிலும் நடந்த பள்ளி அது. அவர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். முதல் மாநாடு செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடந்தது. அங்கிருந்து மாநாடு மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று ஆசிரியர்கள் பட்டியல் எழுதுவார்கள். ஊரார் அதைக் கையேற்பார்கள். கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, பாடக்கருவி, சீருடை என்று மேடையிலேயே அறிவிப்பு வரும்.

அந்த மாநாடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் நன்கொடையை மட்டும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, தேவைப் பட்டியலை எழுதியது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் என்பது. கேட்டு வாங்கிய பொருளை யாரும் பூட்டி வைப்பதில்லை. கொடுத்தவர் தெருவில் எதிரே வந்து, 'மணி அடிக்கிறதா வாத்தியாரே?' என்று கேட்பார் அல்லவா?

மேலிருந்து வந்த பொருளின் கதை வேறு. 1986-ன் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து அடுத்த ஆண்டு 'கரும்பலகைத் திட்டம்' வந்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு வரைபடம், அறிவியல் பெட்டி, சிறு கருவிப் பெட்டி எல்லாம் வந்து இறங்கின. நோக்கம் நல்லதுதான். ஆனால் பல பள்ளிகளில் அந்தப் பெட்டிகள் பெட்டிகளாகவே இருந்தன. லென்சை வைத்து என்ன பாடம் நடத்துவது என்று நடத்திக் காட்ட ஆள் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் வெளியூர் போய் வருகிறேன். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இந்த மனிதரை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனம் வராது.

செலஸ்தேன் ஃப்ரெனே என்று ஒரு கிராமத்து வாத்தியார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். 1920-ல் தெற்குப் பிரான்சில் பார்-சுர்-லூ என்ற மலைக் கிராமத்துப் பள்ளிக்கு வேலைக்கு வந்தார். மூச்சு வாங்கும், நாள் முழுவதும் நின்று பேசிப் பாடம் நடத்த முடியாது. 1924-ல் சிறிய கை அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி வகுப்பறையில் வைத்தார். பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி, தாங்கள் பார்த்ததைப் பற்றித் தாங்களே சொன்னார்கள். அதை அவர்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள்தான் வாசிப்புப் பாடம்.

இதோடு நின்றிருந்தால் ஒரு பள்ளியின் விசித்திரம் என்று முடிந்திருக்கும். நாட்டின் மறுகோடியில், பிரித்தாஞ் கடற்கரையில் த்ரெகன்க் என்ற ஊரில், ரெனே தனியேல் என்ற ஆசிரியர் தானும் ஓர் அச்சு வாங்கினார். இரண்டு வகுப்புகளும் அச்சடித்த தாள்களைத் தபாலில் பரிமாறிக்கொண்டன. மலைப் பிள்ளைகள் கடலைப் பற்றியும், மீனவர் பிள்ளைகள் மலையைப் பற்றியும் படித்தார்கள். எழுதியது யார் என்று தெரிந்து படித்தார்கள். 1927-ல் தூர் நகரில் இந்த ஆசிரியர்களின் முதல் மாநாடு கூடியது. தாள்களைக் காட்டிக்கொண்டார்கள், எந்த எழுத்து எளிதில் உடைகிறது, மை எங்கே மலிவு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்த வேலையைக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு கூட்டுறவு அமைத்துக் கருவிகளைத் தாங்களே வாங்கி விற்றார்கள். அவரையும் உள்ளூர் எதிர்ப்பு சும்மா விடவில்லை. 1933-ல் அரசுப் பள்ளியை விட்டு விலக வேண்டியதாயிற்று. ஆனாலும் கூட்டம் கலையவில்லை. இன்றைக்கு ஆன்லைன் வகுப்பு, பள்ளிக்குப் பள்ளி இணைப்பு என்று பேசுகிறவர்கள் தபால்தலையை வைத்து நடந்த இந்தக் காரியத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

சிவகாசியை நினைத்தால் எனக்கு இதில் ஒரு ஆதங்கம். தீப்பெட்டி லேபிளுக்காக வந்த அச்சுத் தொழில், காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று வளர்ந்த ஊர். டிரெடில் சத்தம் கேட்காத தெரு இல்லை என்று இருந்த காலம் உண்டு. அப்படிப்பட்ட ஊரில், பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளே கோத்து அச்சடித்த ஒரு வகுப்பறையைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. எழுத்துக் கோத்த சிறுவர்கள் இருந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை.

அதைச் சொல்லாமல் நம் பகுதியின் கல்வி வரலாற்றை எழுத முடியாது. விடியுமுன் கிராமத்துக்கு வண்டி வரும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகும். சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்ததுதான். 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது அது முதலில் வந்த இடங்களில் சிவகாசி ஒன்று. 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சிவகாசித் தொழிற்சாலைகளை முன்வைத்துத் தொடங்கிய வழக்கு அது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று அதில் ஆணையானது.

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பத்து வயதுப் பையன், எழுத்துத் தெரியாது, ஆனால் கூலிக் கணக்கு மனக்கணக்காகப் போடுவான். அவனை ஒன்றாம் வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் இரண்டு நாள்கூட இருக்க மாட்டான். எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே நாள், ஒரே கரும்பலகை என்ற முறை இந்தப் பிள்ளைகளிடம்தான் முதலில் தோற்றது.

இதற்கு ஒரு வழி ஆந்திராவில் ரிஷி பள்ளத்தாக்கில் இருந்தது. கிராமப் பள்ளிகளுக்காக அங்கே பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாக உடைத்து, ஏணிப்படி போல வரிசைப்படுத்தி வைத்திருந்தார்கள். பிள்ளை தன் வேகத்தில் ஒவ்வொரு படியாக ஏறும். மாவட்ட ஆட்சியராக வேலூரில் இருந்த எம்.பி. விஜயகுமார், கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட குழந்தைகளின் பள்ளிகளுக்காக இந்த முறையைக் கையில் எடுத்தார். பின்னர் சென்னை மாநகராட்சி ஆணையரானதும் 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். ஆசிரியர்களை ரிஷி பள்ளத்தாக்குக்கே அனுப்பி, வகுப்பில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். திரும்பி வந்தவர்கள் அட்டைகளைத் தாங்களே தமிழில் எழுதினார்கள்.

நம் தொழிலும் அப்படித்தான் வந்தது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள். யாரும் சிவகாசிக்கு ஒரு கையேட்டை அனுப்பி வைக்கவில்லை.

செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் அது 2007-ல் மாநிலம் முழுவதும் போனது. பாய் விரித்துத் தரையில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள். சுவரின் அடியில், பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கட்டம் போட்ட கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும் படங்கள். பெட்டியில் வந்த அறிவியல் லென்சுக்கு இல்லாத அதிர்ஷ்டம் இந்த அட்டைகளுக்கு இருந்தது. அவை பிள்ளைகளின் கைக்கே போய்ச் சேர்ந்தன. கிழிந்தால் யாரும் விளக்கம் கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம் என்று என் எழுத்தர் மூளை சொல்கிறது.

குறையும் இருந்தது. மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் ஆணையாகப் போனதும், விரும்பிச் செய்தவர்களும் பார்வைக்கு வருகிறவர்களுக்காகச் செய்தவர்களும் கலந்துவிட்டார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டோடு வந்த குறுவள மையக் கூட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பத்துப் பன்னிரண்டு பள்ளி ஆசிரியர்கள் சனிக்கிழமை ஒரு பள்ளியில் கூடுவார்கள். தேநீர், வடை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து எல்லாம் உண்டு. அதற்கு நடுவில், 'இந்த அட்டையில் என் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள், நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்று ஒருவர் கேட்பார். பெரிய மாநாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் வாய் வராது.

இனி கணினி. இன்றைக்கு ஓர் ஆசிரியர் தயாரித்த வினாத்தாளை இன்னொருவர் போனில் திறந்து படிக்கிறார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வானவில், பாமினி என்று எழுத்துருக்களோடு மல்லுக்கட்டிய எங்களுக்குத்தான் தெரியும். ஒரு அலுவலகத்தில் தட்டச்சிட்டது அடுத்த அலுவலகக் கணினியில் கோழி கிளறிய குப்பை போலத் தெரியும். ஆசிரியர்கள் கூடி வேலை செய்வதற்கு முதல் தடை அதுதான்.

அந்தத் தடையை நீக்கப் பாடுபட்டவர்களில் ஒரு தமிழாசிரியர் உண்டு. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு அங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் விரிவுரையாளரானவர், சிறுகதை எழுத்தாளர். 'கணியன்' என்ற தமிழ் உள்ளீட்டு முறையை உருவாக்கியவர். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றியபோது, திரையில் தமிழ் தெரிந்ததற்கு அவருடைய உழைப்பும் காரணம். 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியதும் அவர்தான்.

இரண்டாவது மாநாடு 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்தது. ஈழத்திலிருந்தும் மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் மின்னஞ்சலில் அதுவரை வாதாடியதை நேரில் வாதாடினார்கள். தமிழ்99 விசைப்பலகை அங்கே உருவெடுத்தது. இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். புள்ளியில் பெரும்பகுதியைக் கணினியே வைத்துக்கொள்ளும். பழைய தட்டச்சு பழகிய என் போன்றவர்களின் விரல் அதற்கு மாற மறுத்தது வேறு விஷயம்; புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அதைவிட எளிது இல்லை. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கும் அறிவிப்பும் அந்த மாநாட்டில் வந்ததுதான். 2001 பிப்ரவரியில் அது தொடங்கப்பட்டது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இருக்கிறது. கோவிந்தசாமி அதைப் பார்க்கவில்லை. சென்னை மாநாடு நடந்த அதே ஆண்டு மே மாதம், 53 வயதில் காலமானார். 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி அரசு ஒருங்குறியை ஏற்ற பிறகுதான் எழுத்துருச் சண்டை ஒருவாறு ஓய்ந்தது.

கேரளம் இதில் நமக்கு முந்திக்கொண்டது. 2001-லேயே பள்ளிகளுக்கான தகவல்தொழில்நுட்பத் திட்டம் தொடங்கி, ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்சியாளர்களைத் தயார் செய்தார்கள். கட்டற்ற மென்பொருளைப் பழகியதால், கணினி நின்றால் கம்பெனி ஆளுக்காகக் காத்திராமல் வாத்தியாரே பிரித்துப் போட்டார். நாம் 2011-ல் மாணவர்களுக்கே மடிக்கணினி கொடுத்தோம். பெரிய காரியம். ஆனால் வகுப்பில் அதைத் திறந்து என்ன செய்வது என்பதை ஆசிரியரோடு பேசிவிட்டுக் கொடுத்திருக்கலாம் என்று அப்போதே தோன்றியது.

2018-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது நிலைமை மாறியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் கோடு. போனைக் காட்டினால் திக்‌ஷா தளத்திலிருந்து காணொளி வரும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் அந்தப் பாடங்களைத் தயாரிப்பதில் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆசிரியர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு, 2019 ஆகஸ்டில், கல்வித் தொலைக்காட்சி வந்தது. தெரிந்த வாத்தியார் டிவியில் வருகிறார் என்று தெருவே உட்கார்ந்து பார்த்ததை நான் அறிவேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் முதல் தேதி. பத்தொன்பது மாதம். இத்தனை ஆண்டு மாநாடுகளில் பேசியதெல்லாம் அந்தப் பத்தொன்பது மாதத்தில் பரீட்சைக்கு வந்தது. நம் பகுதியில் பல வீடுகளில் இருந்தது ஒரே ஒரு போன். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பட்டாசு ஆலைக்குள் போனைக் கொண்டுபோகவும் கூடாது. அது வாசலில் இருக்கும். பிள்ளை வீட்டில் இருக்கும். பாடம் அந்தரத்தில் நின்றது. பள்ளியைக் காணாத பிள்ளைக்குப் பட்டாசு வேலை எப்போதும் பத்தடி தூரத்தில் இருக்கிற ஊர்கள் இவை. வெடியில் குச்சி செருகவும் திரி வைக்கவும் வீட்டுத் திண்ணை போதும்.

அப்போது பல ஆசிரியர்கள் செய்தது, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனது. கோயில் திண்ணை, வேப்பமரம், சமுதாயக்கூடம், எங்கே நிழலோ அங்கே பாடம். தங்கள் போனில் இறக்கி வைத்திருந்த காணொளியை ஐந்தாறு பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். பக்கத்து ஒன்றியத்து ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயிற்சித் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். அடுத்து 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை, அந்தந்தத் தெருவில் படித்த பெண்களே தன்னார்வலர்களாக நடத்தினார்கள். ஆலை வண்டியில் திரும்பும் அம்மா வந்து சேரும் நேரத்தில் பிள்ளை சிலேட்டோடு இருந்தது. 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தபோது, மறுபடி அட்டையும் பாட்டும் பொம்மையுமாக அந்தப் பழைய செயல்வழிக் கற்றலின் சாயலைப் பார்த்தேன்.

சமீபத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்திருக்கிறார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் வேலை பார்க்கும், எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவரைக் கடைவீதியில் பார்த்தபோது அதைப் பற்றிக் கேட்டேன். 'குறுவள மையக் கூட்டத்துக்கு எல்லாரும் எடுத்துட்டு வந்தோம் சார். ஒருத்தர் மட்டும் பெட்டியே பிரிக்கலை. பக்கத்துல உட்கார வச்சு நாங்களே பிரிச்சுட்டோம்' என்றார்.